சிவப்பு என்றால் கோபமா? உடை நிறங்களும் மனமும் இயற்கையும்

சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் அமைதி, மஞ்சள் என்றால் மகிழ்ச்சி, கறுப்பு என்றால் துக்கம் என்று வரிசையாக எழுதிய பட்டியல்கள் இணையத்தில் எங்கு தேடினாலும் கிடைக்கின்றன. நேர்காணலுக்கு நீலச் சட்டை போட்டால் நம்பிக்கை வரும் என்கிற அளவுக்கு அவை போய்விடுகின்றன. முழுப் பொய் என்று அவற்றைத் தள்ளிவிட முடியாது. ஆனால் நோய்க்கு மாத்திரை எழுதிக் கொடுப்பதுபோல ஒரு நிறத்துக்கு ஓர் உணர்ச்சி என்று எழுதிவிடுவது எனக்கு உறுத்துகிறது. நிறத்துக்குள் உணர்ச்சி எதுவும் குடியிருக்கவில்லை. அந்த நிறத்தை நம் கண் காலங்காலமாக எங்கெல்லாம் பார்த்து வந்திருக்கிறது, தளிரிலா, இரத்தத்திலா, தெளிந்த வானத்திலா, அழுகிய பழத்திலா என்பதுதான் துணியிலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதோடு, நிறத்தின் பெயரைவிட அது எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பதுதான் பல நேரம் மனதை அசைக்கிறது. இந்த இரண்டையும் விட்டுவிட்டு உடை நிறத்தைப் பற்றிப் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

சரி, கண்ணிலிருந்தே தொடங்கலாம். நிறத்தை உணர நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்கின்றன. நாய், பூனை, மாடு, மான் போன்ற பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இரண்டு வகைதான், அதனால் சிவப்பும் பச்சையும் அவற்றுக்குத் தனித்தனியாகத் தெரிவதில்லை. மனிதனுக்கும் சில குரங்கினங்களுக்கும் இந்த மூன்றாவது வகை ஏன் வந்தது என்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாமே காட்டோடு தொடர்புடையவை. பச்சை இலைகளுக்கு நடுவே பழுத்த பழத்தைக் கண்டுபிடிக்க என்கிறார்கள் சிலர். செம்மை கலந்த இளந்தளிரை முற்றிய இலையிலிருந்து பிரித்தறிய என்கிறார்கள் வேறு சிலர். எதிரில் இருப்பவரின் தோலுக்கடியில் இரத்தம் பாய்வதையும் வடிவதையும் படிக்க என்பது இன்னொரு கருத்து. இந்த மூன்றில் எது முதன்மை என்பதில் விவாதம் தொடர்கிறது, ஆனால் உடையைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு மூன்றாவதுதான் அதிகம் உதவுகிறது.

ஏனென்றால் சிவப்பு மட்டும் ஏன் காதலுக்கும் கோபத்துக்கும் ஒரே நேரத்தில் அடையாளமாக இருக்கிறது என்ற கேள்விக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது. வெட்கப்பட்டாலும் முகம் சிவக்கிறது, ஆத்திரம் வந்தாலும் சிவக்கிறது, ஓடி மூச்சிரைத்தாலும் சிவக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பு, அது தோலுக்கு அருகே வந்து நிற்கிறது, அவ்வளவுதான். பயத்தில் இரத்தம் உள்வாங்கினால் முகம் வெளுக்கிறது. ஆக, எதிரில் இருப்பவருக்குள் ஏதோ கொதிக்கிறது, கவனி என்பதுதான் சிவப்பு சொல்லும் செய்தி. அது ஆசையா ஆத்திரமா என்பதைச் சூழ்நிலைதான் சொல்லும். சிவப்பு உடையும் அப்படியே வேலை செய்கிறது. அது எந்த உணர்ச்சியையும் அறிவிப்பதில்லை, பார்ப்பவரின் கண்ணைப் பிடித்து இழுக்கிறது, அப்புறம் பார்ப்பவர் அங்கே என்ன காண்கிறார் என்பது வேறு விஷயம்.

இதை விளையாட்டு மைதானத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, டேக்வாண்டோ, இரண்டு வகை மல்யுத்தம் ஆகியவற்றில் வீரர்களுக்குச் சிவப்பு அல்லது நீல உடை யாருடைய விருப்பமும் இல்லாமல் ஒதுக்கப்பட்டது. ரஸ்ஸல் ஹில், ராபர்ட் பார்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முடிவுகளை எண்ணிப் பார்த்தபோது சிவப்பு அணிந்தவர்கள் சுமார் 55 சதவீத ஆட்டங்களில் வென்றிருந்தார்கள், அதுவும் கிட்டத்தட்ட சமபலம் உள்ளவர்கள் மோதிய இடங்களில்தான் வித்தியாசம் தெரிந்தது. 2005ல் வெளியான அந்தக் கட்டுரை உலகம் முழுக்கப் பரவியது. சிவப்பு போட்டால் வீரம் வரும் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். ஆனால் 2008ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். டேக்வாண்டோ காணொளிகளை நடுவர்களுக்குப் போட்டுக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு அதே காணொளிகளில் உடையின் நிறத்தை மட்டும் கணினியில் மாற்றி, சிவப்பு அணிந்தவரை நீலமாகவும் நீலம் அணிந்தவரைச் சிவப்பாகவும் ஆக்கி மறுபடி காட்டினார்கள். அசைவு ஒன்றுதான், அடி ஒன்றுதான், ஆனாலும் சிவப்பாகத் தெரிந்தவருக்குச் சுமார் 13 சதவீதம் கூடுதல் மதிப்பெண் விழுந்தது. அதாவது சிவப்பு வேலை செய்தது அணிந்தவரின் தசையில் இல்லை, பார்த்தவரின் கண்ணில். பின்னாட்களில் இன்னும் பல ஆண்டு ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தபோது வெற்றியில் தெரிந்த அந்த வித்தியாசம் தேய்ந்துபோனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், பட்டியல் போடுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை.

கறுப்பிலும் இதே கதைதான். 1988ல் மார்க் ஃபிராங்க், தாமஸ் கிலோவிச் இருவரும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி, அமெரிக்கக் கால்பந்து அணிகளை ஆராய்ந்து, கறுப்புச் சீருடை அணிகளுக்கு அதிகத் தண்டனை விழுகிறது என்று காட்டினார்கள். கறுப்பு அணிந்தவர்கள் முரடர்களாகத் தெரிந்தார்கள் என்பது ஒரு பாதி, அணிந்தவர்களே கொஞ்சம் முரட்டுத்தனமாக ஆட விரும்பினார்கள் என்பது மறுபாதி என்பது அவர்கள் கண்டது.

இயற்கைக்கு வருவோம். ஸ்டீபன் பாமர், கேரன் ஷ்லாஸ் இருவரும் 2010ல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள், இந்தத் துறையில் நான் படித்ததிலேயே எளிமையானதும் உறுதியானதும் இதுதான். ஒரு நிறம் நமக்குப் பிடிப்பது, அந்த நிறத்தில் இருக்கும் பொருட்கள் நமக்குப் பிடித்தவையாக இருப்பதால்தான் என்கிறார்கள். நீலம் பெரும்பாலோருக்குப் பிடிக்கிறது, ஏனென்றால் தெளிந்த வானம், சுத்தமான தண்ணீர் என்று நீலமாகத் தெரியும் பெரிய விஷயங்களில் கெட்டது மிகக் குறைவு. மங்கிய மஞ்சளும் பச்சையும் பழுப்பும் கலந்த நிறம் பலருக்குப் பிடிப்பதில்லை, மலமும் சீழும் அழுகலும் அந்த நிறத்தில்தான் இருக்கின்றன. இதைச் சோதிக்க ஒரு குழுவிடம் ஒவ்வொரு நிறத்துக்கும் நினைவுக்கு வரும் பொருட்களை எழுதச் சொல்லி, இன்னொரு குழுவிடம் அந்தப் பொருட்கள் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டு, மூன்றாவது குழுவிடம் வெறும் நிறங்கள் மட்டும் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார்கள். பொருட்களின் மதிப்பெண்ணும் நிறங்களின் மதிப்பெண்ணும் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒத்துப்போயின. அதே ஷ்லாஸ் பின்னர் பருவங்களையும் பார்த்தார், இலையுதிர் காலம் வந்து மரங்கள் செம்பழுப்பாக மாறும்போது அந்த நிறங்கள் மக்களுக்குக் கூடுதலாகப் பிடிக்கத் தொடங்குகின்றன, பருவம் போனதும் அந்தப் பிடிப்பும் இறங்கிவிடுகிறது. வெளியே மாறுவது உள்ளேயும் மாறுகிறது. ஒரே சட்டை வருடத்தின் ஒரு பகுதியில் இதமாகவும் இன்னொரு பகுதியில் பொருந்தாமலும் தோன்றினால் அதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

இதில் மஞ்சள் பற்றிய ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 55 நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் மஞ்சள் எந்த அளவுக்கு மகிழ்ச்சியோடு சேர்கிறது என்று கேட்டு 2019ல் வெளியிட்டார்கள். பூமத்திய ரேகையிலிருந்து விலகிப் போகப் போக, மழை கூடக் கூட, மஞ்சளை மகிழ்ச்சி என்று சொல்பவர்கள் அதிகமானார்கள். வெயில் அரிதாக இருக்கும் இடத்தில் வெயிலின் நிறம் கொண்டாட்டம். வருடம் முழுக்கச் சுட்டெரிக்கும் இடத்தில் அதே நிறத்துக்கு அவ்வளவு வரவேற்பு இல்லை. மஞ்சள் என்றால் மகிழ்ச்சி என்று ஒரு வரியில் எழுதுபவர் எந்த வானத்தின் கீழே உட்கார்ந்து எழுதுகிறார் என்பதும் சேர்த்துதான் அந்த வரிக்கு அர்த்தம்.

அடுத்த வருடமே அதே ஆய்வுக் குழு 30 நாடுகளில் 4,598 பேரிடம் பன்னிரண்டு நிறப் பெயர்களைக் கொடுத்து உணர்ச்சிகளோடு பொருத்தச் சொன்னது. சிவப்பைக் காதலோடு 68 சதவீதத்தினர் சேர்த்தார்கள், மஞ்சளை மகிழ்ச்சியோடு 52 சதவீதம், கறுப்பைச் சோகத்தோடு 51 சதவீதம், பழுப்பை அருவருப்போடு 36 சதவீதம். நாடுகளுக்கு இடையே ஒற்றுமை நினைத்ததைவிட அதிகம், அருகருகே உள்ள நாடுகளும் நெருங்கிய மொழிகள் பேசுபவர்களும் இன்னும் அதிகமாக ஒத்துப்போனார்கள். ஊதாவில்தான் பிடி கிடைக்கவில்லை. அதற்கு அதிகபட்சமாகச் சேர்ந்த உணர்ச்சி இன்பம், அதுவும் வெறும் 25 சதவீதம். இதற்கு என்னுடைய விளக்கம் இது: வானம் போல, காடு போல, இரத்தம் போலக் கண்ணை நிறைக்கும் ஊதா எதுவும் இயற்கையில் இல்லை, சில பூக்கள், சில பழத்தோல்கள், அந்தி வானத்தில் சில நிமிடங்கள், அவ்வளவுதான். இயற்கை பாடம் நடத்தாத நிறத்துக்கு மனிதர்கள்தான் அர்த்தம் எழுதியிருக்கிறார்கள், விலையை வைத்து.

எப்படிப்பட்ட விலை என்றால், மத்தியதரைக் கடல் ஓரத்தில் ஒருவகைக் கடல் நத்தையின் சுரப்பியிலிருந்துதான் பழங்காலத்தில் ஊதாச் சாயம் எடுத்தார்கள். 1909ல் பால் ஃபிரீட்லேண்டர் என்ற வேதியியலாளர் அதன் வேதி அமைப்பைக் கண்டறிவதற்காக 12,000 நத்தைகளைப் பிழிந்தபோது அவருக்குக் கிடைத்த சாயம் 1.4 கிராம். ரோமப் பேரரசில் முழு ஊதா உடை யார் அணியலாம் என்பதற்குச் சட்டம் போடும் நிலைமை வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அப்புறம் 1856ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர், மலேரியாவுக்கான குயினைன் மருந்தை நிலக்கரித் தாரிலிருந்து தயாரிக்க முயன்று, குடுவையில் மிஞ்சிய கறுப்புக் கசடைச் சாராயத்தில் கரைத்தபோது பளிச்சென்ற ஊதா வந்தது. செயற்கைச் சாயத் தொழில் அங்கிருந்து வளர்ந்தது. சில வருடங்களிலேயே ஊதா தெருவுக்கு வந்துவிட்டது, அதன் ராஜ கம்பீரம் மட்டும் பேச்சில் நின்றுவிட்டது.

சாயத்தின் கதையில் என்னை எப்போதும் நிறுத்திவைப்பது பச்சை. பூமியில் கண் போகும் இடமெல்லாம் பச்சை, ஆனால் அதைத் துணியில் ஏற்றுவது மிகக் கடினமான வேலையாக இருந்தது. இலையைக் கசக்கித் துணியில் தேய்த்துப் பாருங்கள், அழகான பச்சைக் கறை விழும், வெயிலில் சில நாள் கிடந்தால் மங்கிப் பழுப்பாகும். பச்சையம் இழையைப் பிடித்துக்கொள்வதும் இல்லை, ஒளியைத் தாங்குவதும் இல்லை. அதனால் சாயக்காரர்கள் நீலத்தில் முக்கி எடுத்து, அதன்மேல் மஞ்சள் ஏற்றித்தான் பச்சை செய்தார்கள். 1775ல் கார்ல் ஷீலே ஆர்சனிக்கை வைத்து ஒரு பளிச்சென்ற பச்சையைக் கண்டுபிடித்தார். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆர்சனிக் பச்சைகள் உடையிலும் துணிப்பூக்களிலும் ஏறின, அந்தப் பூக்களைச் செய்த தொழிலாளர்களின் உடம்பு புண்ணாகி, சிலர் உயிரும் போயிற்று. காட்டை நினைவூட்டி மனதைக் குளிர்விக்கும் நிறம் என்று நாம் சொல்லும் பச்சைக்கு இப்படி ஒரு கொடுமையான அத்தியாயம் இருக்கிறது.

நீலம் அதற்கு நேர் எதிர். இயற்கையில் நீலமாகத் தெரியும் பெரும்பாலானவற்றில் நீல நிறமியே கிடையாது. வானத்தைக் கையில் பிடிக்க முடியாது, மார்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் இறகை அரைத்தால் நீலம் கிடைக்காது, ஏனென்றால் அது செதில்களின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் வரும் நிறம். ஆனால் அவுரி இலைக்குள் நீலம் ஒளிந்திருக்கிறது. இலையைப் பார்த்தால் சாதாரணப் பச்சை. ஊறவைத்துப் புளிக்கவிட்டு, நீரைக் காற்றுப்படக் கலக்கினால் நீலம் படிகிறது. அந்த நீலம் தண்ணீரில் கரையாது, அதனால் காரம் சேர்த்து, ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் மறுபடி அதைக் கரைய வைக்க வேண்டும், அப்போது சாயநீர் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். அதில் முக்கிய துணியை வெளியே தூக்கும் கணத்தில் துணி நீலமாக இருப்பதில்லை, அதே மஞ்சள் பச்சையில்தான் சொட்டிக்கொண்டிருக்கும். காற்றுப் பட்டதும் விளிம்பிலிருந்து நிறம் மாறத் தொடங்கி, பச்சை கறுத்து, சில நிமிடங்களில் முழுத் துணியும் நீலமாகிவிடும். இன்னும் அடர்த்தி வேண்டுமென்றால் மறுபடி முக்க வேண்டும், மறுபடி காற்றாட விட வேண்டும். பெரு நாட்டின் வாகா பிரியேட்டா என்ற இடத்தில் சுமார் 6,000 ஆண்டு பழமையான பருத்தித் துணியில் இந்த நீலத்தின் தடயம் கிடைத்திருக்கிறது. வானத்தைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்ட நிறத்தை மனிதன் உடம்பில் போட்டுக்கொள்ள எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறான் என்று நினைக்கும்போது, நீலம் அமைதி தரும் என்ற ஒற்றை வரி எனக்கு மிகவும் சிறியதாகப் படுகிறது.

இப்போது வெளிர், அடர் விஷயம். 1994ல் பாட்ரிசியா வால்டெஸ், ஆல்பர்ட் மெஹ்ராபியன் இருவரும் நிறங்களின் தாக்கத்தை அளந்தபோது, சிவப்பா நீலமா என்பதைவிட எவ்வளவு வெளிச்சமான நிறம், எவ்வளவு அடர்த்தியான நிறம் என்பவைதான் உணர்ச்சியை அதிகம் அசைத்தன. வெளிச்சமான நிறங்கள் இனிமையாக உணரப்பட்டன, அடர்த்தி கூடக் கூடப் பரபரப்பு கூடியது. யோசித்துப் பார்த்தால் இதுவும் வெளியுலகில் பழகியதுதான், பகல் வெளிச்சமானது, இரவு இருண்டது, முற்றிய பழமும் மலர்ந்த பூவும் நஞ்சுள்ள தவளையும் அடர்த்தியான நிறத்தில் கத்திக் கூப்பிடுகின்றன, காய்ந்த சருகு மங்கிக் கிடக்கிறது. ஆகவே கண்ணைப் பறிக்கும் நீலச் சட்டை ஒருவரை அமைதிப்படுத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம், மங்கலான வெளிர் சிவப்பு ஒருவரைக் கொதிக்க வைக்கும் என்று பயப்படவும் வேண்டாம். உடை வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான், நிறத்தின் பெயர் அடுத்துதான்.

நிறத்துக்கு மாத்திரை வேலை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இளஞ்சிவப்பு நல்ல சாட்சி. 1979ல் சியாட்டிலில் கடற்படைச் சிறைக்கூடம் ஒன்றின் சுவர்களுக்குக் குறிப்பிட்ட இளஞ்சிவப்பை அடித்து, கைதிகளின் மூர்க்கம் குறைந்தது என்று அறிவித்தார்கள். பல சிறைகள் அதைப் பின்பற்றின. பிறகு கவனமாகச் செய்த சோதனைகளில் அந்தப் பலன் தெரியவில்லை.

துணியின் நிறம் துணியில் மட்டும் இல்லை, சுற்றி இருப்பதிலும் இருக்கிறது. பாரிஸில் கோபலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824ல் பொறுப்பேற்ற மிஷேல் செவ்ரூல் என்ற வேதியியலாளரிடம் ஒரு புகார் வந்தது: நீல, ஊதாத் துணிகளின் மடிப்பு நிழலுக்குப் போடும் கறுப்பு நூல் சோகையாக இருக்கிறதாம். அவர் அந்தக் கறுப்பை வேறு கூடங்களின் கறுப்போடு வைத்துப் பார்த்தார், சாயத்தில் எந்தக் குறையும் இல்லை. பக்கத்தில் இருந்த நீலம்தான் கறுப்பைக் கெடுத்துக் காட்டியது. அங்கிருந்து கிளம்பிய ஆராய்ச்சியை அவர் 1839ல் நூலாக வெளியிட்டார். கழுத்தருகே என்ன நிறம் இருக்கிறது என்பதால் முகமே சோர்ந்தோ தெளிந்தோ தெரிவதற்கும் இதுதான் காரணம்.

வெளிச்சமும் அப்படித்தான். மாலை மங்கும்போது ஒரு சிவப்புத் துணியையும் ஒரு நீலத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கவனித்தால், பகலில் அட்டகாசமாக இருந்த சிவப்பு முதலில் கறுத்துப்போகும், நீலம் இன்னும் கொஞ்ச நேரம் வெளிறி மிதக்கும். மங்கிய ஒளியில் நம் கண் வேறு வகைச் செல்களுக்கு மாறிக்கொள்கிறது, அவற்றுக்குச் சிவப்பு ஏறக்குறைய தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் அறிஞர் புர்கின்யே அதிகாலையில் பூக்களைப் பார்த்துக் கண்டுபிடித்தது இது. இரவு விருந்துக்குச் சிவப்பு எடுக்கிறவர்கள் அங்கே விளக்கு எப்படி இருக்கும் என்று யோசிப்பது நல்லது.

மற்ற உயிர்கள் நம் உடையை எப்படிப் பார்க்கின்றன என்பது தனிக் கதை. காளைக்குச் சிவப்பைப் பார்த்து வெறி வருவதில்லை, அதற்குச் சிவப்பு தனி நிறமாகவே தெரியாது, ஆடுகிற துணியின் அசைவுதான் அதைச் சீண்டுகிறது. வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு மேல்சட்டை இன்னொரு மனிதனுக்கு எட்டத்திலிருந்தே தெரியும், மானுக்குத் தெரியாது, புலியின் ஆரஞ்சு மானின் கண்ணுக்குப் புல்லோடு கலந்துபோவதும் இதே காரணத்தால். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நம் மூச்சுக் காற்றின் வாடை பட்டதும் சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு நிறங்களை நோக்கிப் பறந்தது, பச்சை, ஊதா, வெள்ளையைக் கண்டுகொள்ளவில்லை என்று 2022ல் ஓர் ஆய்வு வந்தது. மனிதத் தோல் எந்த நிறமாக இருந்தாலும் அதிலிருந்து வரும் ஒளியில் சிவப்பும் ஆரஞ்சும்தான் தூக்கலாக இருக்கும், கொசு அதைப் பிடித்துக்கொள்கிறது.

கடைசியாக, அணிகிறவரின் மனம். 2012ல் இரண்டு ஆய்வாளர்கள் ஒரே வெள்ளை மேலங்கியைச் சிலரிடம் மருத்துவருடையது என்றும் சிலரிடம் ஓவியருடையது என்றும் சொல்லிப் போடவைத்தார்கள், மருத்துவருடையது என்று நம்பியவர்களின் கவனம் கூர்மையானது என்றார்கள். பின்னர் வேறொரு குழு மேலங்கிச் சோதனை ஒன்றை அப்படியே திரும்பச் செய்தபோது அந்த முடிவு வரவில்லை. அணிந்த நிறம் அணிந்தவரை மாற்றுகிறது என்பதற்கு உள்ள ஆதாரம், பார்க்கிறவரை மாற்றுகிறது என்பதற்கு உள்ளதைவிட மெலிந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஆய்வு ஒன்று 2010ல் மான்செஸ்டரில் நடந்தது. நலமாக இருப்பவர்கள், பதற்ற நோய் உள்ளவர்கள், மனச்சோர்வு நோய் உள்ளவர்கள் என்று மூன்று குழுக்களிடம் ஒரு நிறச் சக்கரத்தைக் காட்டினார்கள். உன் மனநிலை எந்த நிறம் என்று கேட்டபோது நலமானவர்களில் பலர் மஞ்சளைக் காட்டினார்கள், மற்ற இரு குழுக்களிலும் சாம்பல் வந்தது. ஆனால் உனக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்டபோது மூன்று குழுக்களிலும் முதலில் வந்தது நீலம். மனம் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதும் கை எந்த நிறச் சட்டையை எடுக்கிறது என்பதும் வேறு வேறு. சாம்பல் சட்டை போட்டவரைப் பார்த்து இவர் சோர்ந்திருக்கிறார் என்று முடிவுகட்டவும் முடியாது, பளிச்சென்ற நீலத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவருக்கு உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி நகர்ந்துவிடவும் முடியாது, அவரிடம் கேட்டால்தான் தெரியும்.